ஃபேக்டரி கழிவுத் தண்ணியில பாசி வளர்த்து புரோட்டீன் எடுக்கலாமாம், அது எப்படி?

பச்சைத் தண்ணியை எல்லாரும் பாத்திருப்பீங்க. மாசக்கணக்கா மாத்தாத மீன் தொட்டி, மூடி இல்லாம வெயில்ல கிடக்குற டிரம், ரெண்டு வாரம் விட்டா போதும் பச்சையா மாறிடும், நாமளும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு கொட்டிக் கழுவி விட்டுடுவோம். அதுல ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தா தெரியும், அது அழுக்கு இல்ல, கூட்டம். உருண்டை உருண்டையா குளோரெல்லா, நாலு பேர் தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்கிற மாதிரி செனடெஸ்மஸ், ஒவ்வொண்ணும் தலைமுடியோட தடிமன்ல சுமாரா பத்துல ஒரு பங்குதான் இருக்கும். ஒத்தைச் செல், அதுக்குள்ளயே முழு வாழ்க்கை.

இதுங்களைத்தான் நுண்பாசின்னு சொல்றோம், நான் சுருக்கமா பாசின்னே சொல்லிட்டுப் போறேன். நம்ம கதைக்கு முக்கியமான விஷயம் என்னன்னா இதுக்கு வேர் கிடையாது, தண்டு கிடையாது, மரக்கட்டை கிடையாது, அதனால உடம்பை நிமித்தி நிக்க வைக்கிறதுக்குன்னு எதையும் செலவு பண்றதில்ல, கிடைச்சதை எல்லாம் செல்லாவே மாத்திக்குது. குளோரெல்லாவை காய வெச்சு எடை போட்டா அதுல பாதி புரோட்டீன். ஸ்பைருலினான்னா 60ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் போகும் (அது கறாரா சொன்னா பாசியே இல்ல, ஒரு வகை பேக்டீரியா, ஆனா எல்லாரும் பாசின்னு சேத்துக்கிட்டாங்க, நாமளும் சேத்துக்குவோம்). சோயா பீன்ஸ்ல கிட்டத்தட்ட 36ல இருந்து 40தான்.

சரி, இதுக்கு என்ன சாப்பாடு? வெயில், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், பாஸ்பரஸ், அப்புறம் கொஞ்சம் இரும்பு, மெக்னீசியம் மாதிரி சில்லறை. அதாவது வயலுக்குப் போடுற அதே உரம்தான். உரம் வாங்கிப் போட்டு பாசி வளர்த்தா நல்லா வளரும், ஆனா கையைக் கடிக்கும். இங்கதான் ஃபேக்டரி தண்ணி உள்ள வருது.

பால் பதப்படுத்துற இடம், பீர் காய்ச்சுற இடம், உருளைக்கிழங்கு சிப்ஸ், ஸ்டார்ச், மீன் பதப்படுத்துற யூனிட், இங்கெல்லாம் கழுவி விடுற தண்ணியில நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரைஞ்சு கிடக்கு. அதை அப்படியே ஆத்துல விட்டா ஆத்துல பாசி மண்டிடும், ராத்திரியில ஆக்சிஜன் காலியாகி மீன் செத்து மிதக்கும். அதனால ஈடிபின்னு ஒரு சுத்திகரிப்பு பிளான்ட் போட்டு அங்க ப்ளோயர் வெச்சு காத்து ஊதி ஊதி பேக்டீரியாவை வளர்க்குறாங்க. அந்த பேக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டா மாத்தும், இன்னொரு டேங்க்ல இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் கேஸா மாத்தி காத்துல விட்டுடும்.

இப்ப கொஞ்சம் நின்னு யோசிங்க. அந்த நைட்ரஜன் எங்க இருந்து வந்துச்சு? பெரும்பாலும் உரத்துல இருந்து. உரத்துக்கு எப்படி வந்துச்சு? காத்துல இருக்குற நைட்ரஜனை பயங்கரமான பிரஷர்லயும் சூட்டுலயும் ஹைட்ரஜனோட சேத்து அமோனியாவாக்குற ஹேபர் பாஷ் முறையில, அதுக்கு மட்டும் உலகம் செலவழிக்கிற எனர்ஜியில 1ல இருந்து 2 சதவீதம் போகுதுன்னு சொல்லுவாங்க. ஆக, கரண்ட்டையும் கேஸையும் எரிச்சு காத்துல இருந்து பிடிச்சு, பயிர்ல ஏத்தி, ஃபேக்டரிக்குக் கொண்டு வந்து, கழுவி, மறுபடியும் கரண்ட் செலவு பண்ணி காத்துலயே விட்டுடுறோம். எனக்கு இந்த சப்ஜெக்ட் மேல ஆர்வம் வந்ததே இந்த ஒரு விஷயத்தைக் கேட்ட பிறகுதான். காத்துல விடுறதுக்கு முன்னாடி நடுவுல பாசி அதைப் பிடிச்சு புரோட்டீனா ஆக்கிட்டா? ஐடியா மொத்தமும் இவ்ளோதான்.

எவ்ளோ கிடைக்கும்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், பேப்பர் பேனா போதும். ஒரு லிட்டர் தண்ணியில 50 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்குன்னு வெச்சுக்குவோம். 1000 லிட்டருக்கு 50 கிராம். காய்ஞ்ச பாசியோட எடையில நைட்ரஜன் 8 சதவீதம்னு எடுத்தா, அந்த 50 கிராம்ல 625 கிராம் பாசி வளரும். நைட்ரஜனை 6.25ஆல பெருக்கினா புரோட்டீன்னு ஒரு பழைய ஃபார்முலா இருக்கு, அதுப்படி 312 கிராம் புரோட்டீன். ஒரு டேங்கர் லாரி தண்ணியில சில கிலோ. கேக்க நல்லாத்தான் இருக்கு. (பாசிக்கு அந்த 6.25 சரிப்படாது, அதைப் பின்னாடி சொல்றேன்.) இதே 625 கிராம் பாசி வளர ஒரு கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வேணும், ஒரு கிலோ பாசிக்கு சுமாரா 1.8 கிலோ இழுக்கும், அதனால பாய்லர் புகையை தண்ணிக்குள்ள குமிழ் குமிழா விடுற ஐடியாவும் இதோட சேந்து வரும்.

இப்ப இடம். திறந்த குளத்துல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10ல இருந்து 25 கிராம் பாசி விளையும்னு வெச்சுக்கலாம், வெயிலைப் பொறுத்தது. நடுவுல 15ன்னு எடுங்க. 625 கிராமுக்கு சுமார் 42 சதுர மீட்டர். அது வெறும் 1000 லிட்டருக்கு. ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டர் தண்ணி விடுற ஃபேக்டரின்னா 42,000 சதுர மீட்டர், பத்து ஏக்கருக்கு மேல. ஃபேக்டரியே அவ்ளோ பெருசா இருக்குமான்னு தெரியாது! பாசிக்கு நல்ல நிலம் தேவையில்ல, களர் நிலமோ பாறையோ எதுவா இருந்தாலும் சரின்னு சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா இடமே தேவையில்லன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

குளம்னா நம்ம நினைக்கிற குளம் இல்ல. ஓட்டப்பந்தய டிராக் மாதிரி நீள்வட்டமா ஒரு வாய்க்கால், ஆழம் ஒரு அடி இருந்தா அதிகம், ஒரு இடத்துல துடுப்புச் சக்கரம் மெதுவா சுத்தி தண்ணியை ஓட்டிக்கிட்டே இருக்கும். ஏன் இவ்ளோ ஆழம் கம்மின்னா பாசி கொஞ்சம் கெட்டியாயிடுச்சுன்னா மேல இருக்குற பாசியே கீழ இருக்குற பாசிக்கு வெயிலை மறைச்சிடும், அதனால எல்லாருக்கும் மாத்தி மாத்தி வெயில் காட்டணும், அந்தச் சக்கரத்தோட வேலை அதுதான். இந்த மாதிரி குளங்களை 1950கள்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல வில்லியம் ஆஸ்வால்டுன்னு ஒருத்தர் கழிவுநீருக்காகவே ஆராய்ஞ்சு கொண்டு வந்தாரு. அவர் பிடிச்ச பாயின்ட் ரொம்ப அழகானது: பேக்டீரியா அழுக்கைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விடுது, பாசி அதை எடுத்துக்கிட்டு ஆக்சிஜன் விடுது, அந்த ஆக்சிஜன் பேக்டீரியாவுக்கு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஊட்டி விட்டுக்குறாங்க, ப்ளோயர் வேலையை வெயில் பாத்துக்குது. ஈடிபி நடத்துறவங்களுக்கு இதோட அருமை புரியும், ஏன்னா அவங்க கரண்ட் பில்லுல பாதி வரைக்கும் அந்தக் காத்து ஊதுறதுலதான் போகும்.

ஆனா பாருங்க, இதுல ஒரு சின்ன ஏமாத்து வேலை ஒளிஞ்சிருக்கு. பாசி பகல் முழுக்க கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டே இருந்தா தண்ணியோட பிஹெச் ஏறும் (தண்ணி ஆசிட் பக்கமா காரப் பக்கமான்னு சொல்ற அளவு, 7 நடு, ஏற ஏற காரம்). காலையில மீட்டரை விட்டா 7.5 காட்டுன அதே குளம் மதியம் மூணு மணிக்கு 9.5, 10ன்னு காட்டும். அந்த பிஹெச்ல அமோனியா தண்ணியில நிக்காது, கேஸா மாறி பறந்துடும். பாஸ்பேட் கால்சியத்தோட சேந்து சுண்ணாம்பு மாதிரி அடியில படிஞ்சிடும். சாயங்காலம் தண்ணியை டெஸ்ட் பண்ணா நைட்ரஜனும் இல்ல பாஸ்பரஸும் இல்ல, ஆஹா பாசி எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடலாம். தண்ணி சுத்தமானது நெசம், ஆனா அது புரோட்டீனா மாறல, பாதி காத்துல போச்சு. அதனால தண்ணியில எவ்ளோ குறைஞ்சுதுன்னு மட்டும் சொல்லி பெருமை அடிக்கிற ரிசல்ட்டைப் பாத்தா பாசியில எவ்ளோ ஏறுச்சுன்னு கேளுங்க. இதுக்காகத்தான் கார்பன் டை ஆக்சைடு விட்டு பிஹெச்சை 7.5, 8 பக்கம் பிடிச்சு வைக்கிறது. இன்னொரு காரணமும் இருக்கு, பிஹெச் ஏறும்போது உருவாகுற அந்த அமோனியா பாசிக்கே விஷம், அளவு கூடுனா வளர்ச்சி நின்னுடும்.

வெயில் போன பிறகு? பாசியும் மூச்சு விடும், பகல்ல சேத்ததுல கொஞ்சத்தை ராத்திரி எரிச்சிடும். ஃபேக்டரி மூணு ஷிஃப்ட் ஓடும், தண்ணி ராத்திரியும் வரும், மழைக்காலத்துலயும் வரும், அதைச் சேத்து வைக்க டேங்க் வேணும். சில பாசிங்க வெயில் இல்லன்னாலும் சர்க்கரை, அசிட்டேட் மாதிரி கரைஞ்ச சாப்பாட்டை வெச்சு வளரும், குளோரெல்லாவுக்கு அந்தத் திறமை உண்டு, ஆனா அதே சர்க்கரைக்கு பேக்டீரியாவும் போட்டிக்கு வரும், அது பாசியை விட வேகமா பெருகும். சாராய ஆலைத் தண்ணி மாதிரி கரும்பழுப்பு நிறத்துல இருந்தா வெயில் உள்ளயே போகாது, பத்து மடங்கு தண்ணி கலந்து நீர்க்க விடணும்பாங்க, அப்புறம் அந்தத் தண்ணிக்கு எங்க போறது.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். கழிவுத் தண்ணின்னு ஒரே வார்த்தையில சொல்றோம் பாருங்க, அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். கழிவுத் தண்ணி ஒண்ணு கிடையாது. பால் ஃபேக்டரி தண்ணியில என்ன இருக்கும்? பால்தான் இருக்கும், நீர்த்துப் போன பால். கூடவே பைப்பையும் டேங்கையும் கழுவுன காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் ஆசிடும். நைட்ரிக் ஆசிட்ல இருந்து வர்ற நைட்ரேட் பாசிக்கு சாப்பாடாவே ஆயிடும், அது ஒரு வேடிக்கை. ஆனா கிருமி கொல்ல ஊத்துற சானிடைஸர் வந்து சேர்ற நாள்ல பாசியும் சேந்து சாகும், அது கிருமியா பாசியான்னு பாத்தா கொல்லுது? எலக்ட்ரோபிளேட்டிங் தண்ணியில குரோமியம், நிக்கல். தோல் பதனிடுற தண்ணியிலயும் குரோமியம், உப்பு வேற. சாயத் தண்ணியில என்னென்ன சாயமோ.

விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? பாசியோட செல் சுவர் முழுக்க நெகட்டிவ் சார்ஜ் உள்ள இடங்கள் இருக்கு, உலோக அயனிங்க பெரும்பாலும் பாசிட்டிவ், காந்தத்துல ஆணி ஒட்டுற மாதிரி போய் ஒட்டிக்கும். ஈயம், காட்மியம் எல்லாம் தண்ணியில லிட்டருக்கு எவ்ளோ இருந்துச்சோ அதை விடப் பல மடங்கு செறிவா பாசியில வந்து சேரும். தண்ணியைச் சுத்தம் பண்றவனுக்கு இது வரம், உலோகத்தை உறிஞ்சவே பாசியைப் பயன்படுத்துற ஆராய்ச்சி தனியா நடக்குது. தீவனம் பண்றவனுக்கு இதே குணம்தான் எமன். ஒரே பாசி ரெண்டு வேலையும் பாக்கும்னு யாராவது சொன்னா, குரோமியத்தை எடுத்துட்டு அதையே மீனுக்கும் போடலாம்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க. புரோட்டீன் வேணும்னா சாப்பாட்டு ஃபேக்டரி தண்ணி, அதுலயும் டாய்லெட் லைன் சேராத தண்ணி. மத்த தண்ணியில விளைஞ்ச பாசியை பயோகேஸ் பிளான்ட்டுக்கு அனுப்பலாம், அதுலயும் உலோகம் காணாமப் போயிடாது, அடியில தங்குற கசடுல இருக்கும்.

அப்புறம் அறுவடை. நிறைய பேர் வளர்க்குறதுதான் கஷ்டம்னு நினைக்கிறாங்க, வளர்றதுக்கு அது தானாவே வளரும், மீன் தொட்டியில நாம வேண்டாம்னாலும் வளருதே. எடுக்குறதுதான் கஷ்டம். நம்ம கணக்குல 1000 லிட்டர்ல 625 கிராம். பாக்க கரும்பச்சையா இருக்குற அந்தத் தண்ணியில 99.9 சதவீதத்துக்கு மேல வெறும் தண்ணி. கடல்ல கரைச்ச பெருங்காயம் மாதிரி கிடக்குறதை திரும்ப எடுக்கணும். வடிகட்டலாம்னா செல் அவ்ளோ சின்னது, ஃபில்டர் அடைச்சுக்கும். படிய விடலாம்னா ஒவ்வொரு செல்லும் நெகட்டிவ் சார்ஜோட ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது, ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு மேஜை மேல வெச்சுட்டு மறுநாள் பாத்தாலும் பச்சை கொஞ்சம்தான் கீழ இறங்கி இருக்கும். படிகாரம் போட்டா திரண்டு வரும், ஆனா அலுமினியம் பாசியோட போகும், தீவனத்துக்கு ஆகாது. இறால் ஓட்டுல இருந்து எடுக்குற கைட்டோசான் போடலாம், விலை ஜாஸ்தி. கடைசியில சென்ட்ரிஃப்யூஜ்னு அதிவேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின்ல போட்டு சுத்துனா தோசை மாவு பதத்துக்கு வரும், அதுலயும் முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அப்புறம் அதைக் காய வைக்கணும். மொத்தச் செலவுல 20ல இருந்து 30 சதவீதம் அறுவடைக்கே போகுதுன்னு வழக்கமா சொல்ற கணக்கு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். அதனாலதான் சிலர் பாசியை தண்ணியில மிதக்க விடாம, சுத்துற துணிப் பட்டை மேல படலமா ஒட்டி வளர விட்டு, தோசைக்கல்லைச் சுரண்டுற மாதிரி சுரண்டி எடுக்குறாங்க. எனக்கு இந்த வழி மேல நம்பிக்கை ஜாஸ்தி.

குளத்துல இன்னொரு வில்லன், ரோட்டிஃபர்னு ஒரு குட்டியூண்டு தண்ணி விலங்கு. மைக்ராஸ்கோப்ல பாத்தா தலையில ரெண்டு சக்கரம் சுத்துற மாதிரி மயிர் ஆடிக்கிட்டே இருக்கும், அந்தச் சுழல்ல பாசி ஒவ்வொண்ணா வாய்க்குள்ள போகும், பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கும், நம்ம குளமா இல்லாத வரைக்கும். வெள்ளிக்கிழமை பச்சையா இருந்த குளம் திங்கட்கிழமை பழுப்பா தெளிஞ்சு கிடக்கும், பாசி பூரா ரோட்டிஃபர் வயித்துல. மீன் குஞ்சு பொரிக்கிற இடங்கள்ல இதே ரோட்டிஃபரை பாசி போட்டு ஆசையா வளர்த்து குஞ்சுக்குத் தீவனமா கொடுக்குறாங்க, ஒருத்தருக்கு எமன் இன்னொருத்தருக்கு சோறு. இதுல இருந்து தப்பிக்க கால்டியேரியா சல்ஃபியூரேரியான்னு ஒரு பாசியை சிலர் பிடிச்சிருக்காங்க, அது வெந்நீர் ஊத்துல, ஆசிட் மாதிரி பிஹெச் 2ல வளர்ற ஆளு, அங்க வந்து அதைத் தின்ன கிட்டத்தட்ட யாருக்கும் தைரியம் இல்ல. ஆனா தண்ணியை முதல்ல ஆசிட் ஆக்கணும், கடைசியில திரும்ப சரி பண்ணணும்.

சரி, பாசியை காய வெச்சு பொடி பண்ணியாச்சு. இப்ப அந்த 312 கிராமைத் திருத்துவோம். 6.25ஆல பெருக்குறது நைட்ரஜன் எல்லாமே புரோட்டீன்ல இருக்குன்னு நம்பி போடுற கணக்கு. பாசியில அப்படி இல்ல, பச்சையத்துல நைட்ரஜன் இருக்கு, டிஎன்ஏ ஆர்என்ஏல இருக்கு. பல பாசிகளை அளந்து பாத்து 4.78ன்னு ஒரு சராசரி சொல்லி இருக்காங்க. அப்படிப் போட்டா 239 கிராம்தான். அதுலயும் குளோரெல்லாவோட செல் சுவர் கெட்டி, அப்படியே முழுங்குனா வயித்துல உடையாம வந்த வழியே போகுறது நிறைய, மில்லுல போட்டு உடைச்சாதான் உள்ள இருக்குறது உடம்புல சேரும், அதுக்கும் கரண்ட். ஸ்பைருலினா சுவர் மெலிசு, அந்தத் தொல்லை இல்ல. மனுஷன் நேரடியா சாப்பிட்டா அந்த ஆர்என்ஏ உடைஞ்சு யூரிக் ஆசிட் ஆகும், நிறைய சாப்பிட்டா கவுட்னு மூட்டு வீங்கி வலிக்கிற நோய் வரலாம், வேகமா வளர்ற எந்த ஒத்தைச் செல் உணவுக்கும் இருக்குற பிரச்சினைதான் இது. மீனுக்கும் கோழிக்கும் யூரிக் ஆசிட் பெரிய விஷயம் இல்ல. அதனால இந்தப் பாசி முதல்ல போய்ச் சேர வேண்டிய இடம் நம்ம தட்டு இல்ல, தீவன மூட்டை.

தீவன மூட்டையில ஏற்கனவே உக்காந்திருக்குறது யாருன்னா சோயா பிண்ணாக்கு. அதோட விலையை யாராலயும் லேசுல முறியடிக்க முடியாது. பிரிட்டன்ல ஐசிஐ கம்பெனி மெத்தனால்ல பேக்டீரியா வளர்த்து புரூட்டீன்னு ஒரு தீவனம் பண்ணுச்சு, 1980 வாக்குல பிரமாண்டமான பிளான்ட் கட்டி ஓட்டுச்சு, டெக்னாலஜி ஜெயிச்சுது, சரக்கும் நல்ல சரக்கு, சோயா விலைக்கு முன்னாடி தாக்குப் பிடிக்க முடியாம மூடிட்டாங்க. பாசிக்கு அதை விட ஒரு வசதி உண்டு, இதுக்கு ரெண்டு பக்கமும் வரவு: சரக்கை விக்கிற காசு ஒண்ணு, தண்ணியைச் சுத்தம் பண்ணதால ஃபேக்டரிக்கு மிச்சமாகுற காசு ஒண்ணு. ரெண்டாவதைக் கணக்குல சேக்காம வெறும் புரோட்டீன் விலையை வெச்சு மட்டும் பாத்தா இது எங்கயுமே நிக்காதுங்கறது என் கருத்து.

எல்லாம் சரியா வந்தாலும் சட்டம் ஒண்ணு வாசல்ல நிக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2009ல வந்த தீவன விதி 767ன்படி, கழிவுநீர் சுத்திகரிப்போட எந்தக் கட்டத்துல இருந்து வர்ற கழிவும் தீவனத்துல வரக்கூடாது, அப்புறம் அதை என்ன பண்ணி எவ்ளோ சுத்தம் பண்ணாலும் சரி, தண்ணி எங்க இருந்து வந்திருந்தாலும் சரி. ஆனா அதே விதியில ஒரு அடிக்குறிப்பு இருக்கு, உணவு ஃபேக்டரிக்குள்ளயே தனிக் குழாய்ல ஓடுற தண்ணிக்கு கழிவுநீர்னு பேர் கிடையாது, அது ப்ராசஸ் தண்ணி. அதனால சிப்ஸ் ஃபேக்டரியில கிழங்கு கழுவுன தண்ணியை வெச்சு பாசி வளர்க்க நினைக்கிறவங்க டேங்க் வாங்குறதுக்கு முன்னாடி பிளம்பரைக் கூப்பிட்டு பைப் லைன் வரைபடத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காருறாங்க, அந்தக் குழாய் எந்த இடத்துல போய் மத்த சாக்கடையோட சேருதுன்னு பாக்க. சேர்ற இடத்துக்கு ஒரு அடி முன்னாடி எடுத்தா ப்ராசஸ் தண்ணி, ஒரு அடி தள்ளி எடுத்தா கழிவு.